நானூறு வரியும் ஒரு சாக்பீஸும்

புது வீடு கட்டுறவனுக்கு ஊர்ல மாலை போடுவாங்க, பழைய வீட்டை இடிக்கிறவன் தலையில தூசிதான் விழும். கம்ப்யூட்டர் தொழில்லயும் அதே நியாயம்தான், அதுல நான் பண்ணினது இடிக்கிற வேலை.

பேரு பிரிசில்லா. ஆம்பூர்ல ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில கம்ப்யூட்டர்களைப் பாத்துக்கிற உத்தியோகம். அது சோத்துக்கு. அதுக்கு மேல, காலைல அஞ்சு மணியில இருந்து ஆறரை வரைக்கும் பாகாயம் வீட்ல உக்காந்து இன்னொரு வேலை. மெயில், பேங்க் தகவல், ஆர்டர் பேப்பர் இதையெல்லாம் அடுத்தவன் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புறதுக்கு ஒரு புரோகிராம் உண்டு. பல தேசத்து ஆளுங்க சேர்ந்து இலவசமா எழுதி, யார் வேணாலும் எடுத்துக்கோங்கன்னு பொதுவுல வெச்சது. எங்க பாஷையில அதுக்கு லைப்ரரின்னு பேரு. அதுல வருஷக்கணக்கா சேர்ந்துபோன உதவாத வரிகளைத் தேடிப் பிடிச்சு வெட்டுறது என் பங்கு. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆன நேரம். மோடம் கீச்சுகீச்சுன்னு கத்தினாத்தான் இன்டர்நெட் வரும்.

உங்க ஆபீஸ்லயும் ஒரு பீரோ இருக்கும். சாவி யார்கிட்டன்னு தெரியாது, திறக்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம். அந்த பீரோ முன்னாடி நின்னு முழிச்சவங்க எல்லாரும் நம்ம ஜாதி. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நான் வெட்டின நானூறு வரியால ஒரு நல்ல மனுஷனோட நாற்காலியே போகப் பாத்துச்சு. அதையும் மறைக்காம சொல்லிடறேன், அப்பதான் எனக்கு மனசு ஆறும்.

பாசஞ்சர் வண்டியில விசாரணை

தினமும் காட்பாடியில ஏறி ஆம்பூர் வரைக்கும் பாசஞ்சர்ல போவேன். குடியாத்தத்துல தேவகி ஏறுவா. எங்க கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல மார்க்கிங் வேலை அவளுக்கு. ஒவ்வொரு தோலா விரிச்சு, முள்ளு கீறினது, உண்ணி கடிச்சது, சூடு போட்ட தழும்பு எல்லாத்தையும் சுத்தி சாக்பீஸ்ல கோடு போடுவா. அந்தக் கோட்டை விட்டுட்டுத்தான் ஷூவுக்கு வெட்டுவாங்க. என் வயசுதான், வாய் மட்டும் என்னைவிட நாலு வயசு மூப்பு.

ஒருநாள் மடியில பேப்பர் கட்டு வெச்சு சிவப்புப் பேனாவால அடிச்சுக்கிட்டே வந்தேன். எட்டிப் பாத்து, "இன்னாடி பிரிசி, பரீட்சை பேப்பர் திருத்துறியா?"ன்னு கேட்டா. பூட்டு, சாவி, இலவசம், பழைய வரி எல்லாத்தையும் மேல்பட்டி வர்ற வரைக்கும் பொறுமையா விளக்கினேன். பக்கத்துல இருந்த முறுக்குக்காரர்கூட கூடையை இறக்கி வெச்சுட்டு கேட்டார். தேவகி கடைசி வரைக்கும் தலையை ஆட்டிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "எழுதுறதுக்கு ஒரு கூட்டம், அழிக்கிறதுக்கு ஒரு ஆளா? மொதல்லயே ஒழுங்கா எழுதச் சொல்றதுதானே?"

தொடாதே

எனக்குக் குப்பையைக் கண்டா கை அரிக்கும். அது என் குணமும், என் கெட்ட குணமும். அந்த லைப்ரரியில உதவாத சாமானுக்குப் பஞ்சமே இல்ல. உலகத்துல ஒருத்தர் வீட்லயும் ஓடாத மிஷினுக்கெல்லாம் தனித்தனியா உபசாரம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. பொண்ணு போன வருஷமே வேற இடத்துல வாக்கப்பட்டுப் போயாச்சு, இவங்க இன்னும் பந்தல் பிரிக்கல.

ஒரு இடத்துல பெரிய எழுத்துல குறிப்பு: 'இதைத் தொடாதே. இது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியாது.' கீழ எழுதினவர் பேரு. நாப்பது வரி. அதைத் தாண்டிப் போகவும் முடியல, கை வைக்கவும் தைரியம் வரல. பத்து நாள் அந்த ஆளைத் தேடினேன். கம்ப்யூட்டர் தொழிலையே விட்டுட்டு எங்கேயோ ஒரு மலையூர்ல ரொட்டிக் கடை வெச்சிருந்தார். பயந்து பயந்து ஒரு மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்துச்சு: "அது இன்னுமா உயிரோட இருக்கு? தயவுசெஞ்சு அழிச்சுடுங்க, என் பேரையும் சேத்து."

எக்ஸ்போர்ட் குவாலிட்டி

இப்ப சலீம் பாயைச் சொல்லணும். எங்க கம்பெனி டாக்குமெண்ட் செக்‌ஷன்ல இருபத்திரண்டு வருஷமா அவர் ஒருத்தர்தான். வெளிநாட்டு பையர் அனுப்புற ஆர்டர் எல்லாம் பூட்டின ஃபைலாதான் வரும். பாய் தன்னோட கம்ப்யூட்டர்ல சாவி வார்த்தையை அடிச்சாத்தான் அது திறக்கும். அந்த வார்த்தையை உருது எழுத்துல ஒரு பாக்கெட் டைரியில எழுதி, டைரியைச் சட்டைப் பையில வெச்சு, பைக்கு ஒரு ஊக்கும் குத்தி வெச்சிருப்பார். ஆர்டரை அச்செடுத்து ஃபைல்ல வெக்கிற வரைக்கும் அவர் டீ குடிக்க மாட்டார். கம்பெனிக்கு வர்ற வேலை மொத்தமும் தன் விரல் வழியா வருதுன்னு அவருக்கு ஒரு பெருமை. அது நியாயமான பெருமைதான்.

ஒரு மத்தியான சாப்பாட்டு நேரத்துல என் ஸ்க்ரீனைப் பாத்துட்டார். அன்னைக்கு நான் அழிக்க எடுத்து வெச்ச பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கு முன்னாடியும் 'எக்ஸ்போர்ட்'னு இருந்துச்சு. பதறிப்போய், "அரே, எக்ஸ்போர்ட்டைப் போய் அழிக்கிறியேம்மா!"ன்னார். உக்கார வெச்சு விளக்கினேன். ஒரு காலத்துல பெரிய தேசம் ஒண்ணு, நல்ல பூட்டை வெளிய விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. அதனால வெளிநாட்டுக்குன்னே வேணும்னு பலவீனமா ஒரு பூட்டு செஞ்சாங்க. அதுக்குப் பேருதான் எக்ஸ்போர்ட் பூட்டு.

எங்க ஊர்ல எக்ஸ்போர்ட்டுன்னா முதல் தரம், கழிச்சுப் போட்டதுதான் லோக்கல். நாங்க காலுக்குப் போட்டுக்கிட்டு இருந்தது அந்த லோக்கல்தான். பாய் டிபன் டப்பாவை மூடிட்டுச் சொன்னார்: "நாம நல்லதை அங்க அனுப்பிட்டு மட்டத்தை இங்க வெச்சிக்கிறோம், அவன் நல்லதை அங்க வெச்சிக்கிட்டு மட்டத்தை இங்க அனுப்புறான், ரெண்டு பக்கமும் நமக்குத்தானாம்மா மட்டம்?"

அம்மாவின் தீர்ப்பு

எங்க அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. காலைல நான் ஸ்க்ரீனைப் பாத்து தனியா திட்டிக்கிட்டு இருக்கிறதை காபியோட நின்னு பாப்பாங்க. யாரோ எங்கேயோ இருந்துக்கிட்டு, நான் அழிச்சது தப்பு, அழிக்காம விட்டது அதைவிடத் தப்புன்னு மெயில்ல ஏசியிருப்பாங்க. இதுக்கு எவ்வளவு குடுக்குறாங்கன்னு அம்மா ஒருநாள் கேட்டாங்க. ஒண்ணும் இல்லம்மான்னேன். லீவாவது உண்டான்னாங்க. அதுவும் இல்லம்மான்னேன். காபியை மேசையில வெச்சுட்டுச் சொன்னாங்க: "சம்பளமும் இல்ல, லீவும் இல்ல, நாலு பேர் பேச்சு மட்டும் உண்டுன்னா அது வேலை இல்லடி, ஊழியம்."

ஓலை வாசிப்பு

அந்த நானூறு வரிக்கு வர்றேன். அது ஒரு பழைய பூட்டு. புதுசா யாரும் அதைப் போடுறதில்ல. கெட்டிக்காரன் ஒருத்தன் நல்ல கம்ப்யூட்டரோட உக்காந்தா உடைச்சுடுவான். அழிச்சே ஆகணும்.

நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு வெட்டல. எங்க சர்ச்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க, ஆட்சேபணை இருக்கிறவங்க எழுந்து சொல்லலாம்னு. அதே மாதிரி லைப்ரரிக்கு எழுதுறவங்க எல்லாருக்கும் போற பொது மெயில்ல மூணு வாரம் கேட்டேன். 'இந்தப் பூட்டை யாராவது இன்னும் உபயோகப்படுத்துறீங்களா?' ஒரு காக்கா குஞ்சுகூட வாயைத் திறக்கல. வெட்டிட்டேன்.

புது பதிப்பு வந்துச்சு. அதுல அழிச்சவர்னு என் பேரைப் பாத்து எனக்குத் தலைகால் புரியல. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி கம்ப்யூட்டர்கள்லயும் அதையே போட்டுட்டு, பழைய பதிப்பை அங்கிருந்தும் துடைச்சு எடுத்தேன். சலீம் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார், அவர் சீட் காலியா இருந்தது எனக்கு வசதியாப் போச்சு. லைப்ரரிக்குத் தலைவர் ஹென்ரிக்னு ஒருத்தர், குளிர் தேசத்துக்காரர், ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார். அவரே அன்னைக்கு எனக்குத் தனியா எழுதினார்: "உங்க ஊர்ல எல்லாரும் இவ்வளவு சுத்தமானவங்களா?"

பாக்கெட் டைரி

திங்கக்கிழமை பதினொரு மணி. சலீம் பாய் என் ரூம் வாசல்ல வந்து நிக்கிறார். உள்ள வரல. முகம் வெளுத்துப்போய் இருந்துச்சு. "ஒரு நிமிஷம் வர்றியாம்மா, யாருக்கும் சொல்லாத"ன்னார்.

நடந்தது இதுதான். கறுப்புத் தோல்ல ஷூ கேட்டு ஒரு பெரிய ஆர்டர் கையில இருந்துச்சு. சனிக்கிழமை பையர் கிட்ட இருந்து அதுல ஏதோ ஒரு மாற்றம் வந்திருக்கு, பூட்டின ஃபைலா. பாய் வழக்கம்போல சாவி வார்த்தையை அடிச்சிருக்கார். திறக்கல. 'முடியவில்லை'ன்னு ஒரு நம்பரோட வந்திருக்கு. தப்பா அடிச்சுட்டோம்னு நினைச்சு மறுபடி மறுபடி, சனிக்கிழமை பூரா அடிச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை வீட்ல சாப்பாடு இறங்கல. இன்னைக்குக் காலைல பையர் ஆபீஸுக்கு போன் போட்டா, அனுப்பின ஆள் லீவாம், மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம், எல்லாம் ஃபைல்லதான் இருக்குன்னு வெச்சுட்டாங்க. மேனேஜர் சாருக்கு ஷிப்மெண்ட் கவலை. பாய்க்கு மறதி வந்துடுச்சு, இனிமே கேட்ல வண்டி நம்பர் எழுதட்டும், இந்தச் சீட்டுக்கு வேற ஆள் பாக்குறேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டார். பழைய ஆர்டர்படி கறுப்பையே வெட்டவும் சொல்லிட்டார்.

பாய் ஊக்கைக் கழட்டி டைரியை எடுத்து விரிச்சார். எனக்கு உருது தெரியாதுன்னு அவருக்கும் தெரியும், ஆனாலும் காட்டினார். ஒவ்வொரு எழுத்தா அவர் சொல்லச் சொல்ல நானே அடிச்சேன். அதே 'முடியவில்லை', அதே நம்பர். அந்த நம்பரைப் பாத்ததும் நான் கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டேன். பூட்டை வெட்டின இடத்துல அந்த நம்பரை வெச்சதே நான்தான். பாய் என் முகத்தைப் பாத்து வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டார். டைரியை மூடிக்கிட்டே கேட்டார்: "அப்ப எனக்கு நெஜமாவே மறந்துபோச்சாம்மா?"

மேனேஜர் ரூம்

சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லிடறேன். ரெண்டு நிமிஷம் நான் சும்மா நின்னேன். பையர் ஆர்டரைத் திறக்கிற அந்தப் புரோகிராமை எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதி வெச்சுட்டு துபாய்க்குப் போய்ட்டார். அதுக்குள்ள ஓடினது அந்தப் பழைய பூட்டுதான், நான் எட்டிப் பாத்ததே இல்ல. உலகம் பூரா கேட்டவ பக்கத்து ரூம்ல கேக்கல. வாயை மூடிக்கிட்டு சத்தமில்லாம சரி பண்ணிட்டா, என்னாலதான்னு அந்தக் கம்பெனியில ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. பாய்க்கு மட்டும் மறதின்னு பேரு நின்னுடும்.

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கல பாய், தப்பு என்னுது"ன்னு சொல்லிட்டு நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். பாயும் பின்னாடியே வந்தார். வெள்ளிக்கிழமை என்ன பண்ணினேன்னு ஒண்ணு விடாம சொன்னேன். பழைய பதிப்பை இன்டர்நெட்ல இருந்து திரும்ப இறக்கினா ஃபைல் திறந்துடும், அதுவரைக்கும் தோலை வெட்ட வேணாம் சார்ன்னு கெஞ்சினேன். சார் கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சார். வெட்டுறதை நிறுத்தச் சொல்லல. கத்துவார்னு பாத்தேன், கத்தல. அது இன்னும் மோசமா இருந்துச்சு. சொன்னார்: "ஊருக்கெல்லாம் இலவசமா பூட்டு செய்றீங்கன்னு கேள்விப்பட்டேன் மேடம், நம்ம கதவையே பூட்டுவீங்கன்னு தெரியாமப் போச்சு."

போனைத் தொட்டா கையை வெட்டுவேன்

எழுதினா அஞ்சு நிமிஷ வேலை மாதிரி தெரியும். கம்பெனிக்கு இருந்தது ஒரே வெளி டெலிபோன் லைன். அதுலதான் மோடமும். இறங்கிக்கிட்டு இருக்கும்போது எந்த ரூம்ல யார் ரிசீவரைத் தூக்கினாலும் லைன் அறுந்துடும், மறுபடி முதல்ல இருந்து. திங்கக்கிழமை மத்தியானம் மூணு தடவை முக்கால்வாசி இறங்கி மூணு தடவையும் போச்சு. ஒரு தடவை லேஸ், பக்கிள் குடுக்க வந்தவர், ஒரு தடவை மேனேஜர் சாரே, ஒரு தடவை கரண்ட். சாயந்திரம் அஞ்சரைக்கு லைனே செத்துப்போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அழுதேன், பொய் சொல்ல மாட்டேன்.

செவ்வாக்கிழமை காலைல ஆறு மணி வண்டியைப் பிடிச்சு ஏழரைக்கெல்லாம் கம்பெனியில நின்னேன். சலீம் பாய் எனக்கு முன்னாடி வந்து எல்லா ரூம்லயும் இருந்த போனைப் பிடுங்கி, மொத்தத்தையும் தன் மேசை மேல குவிச்சு வெச்சுட்டு, ஒரு ரூல்தடியோட காவலுக்கு உக்காந்திருந்தார். எட்டே முக்காலுக்கு அக்கவுண்ட்ஸ்காரர் வந்து, ஒரே ஒரு அவசர கால் பாய்ன்னார். பாய் அப்படி யார்கிட்டயும் கோவமாப் பேசி நான் கேட்டதே இல்ல: "என் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கம்பியில வந்துக்கிட்டு கீது, தொட்டா பேஜாராயிடும்."

சாக்பீஸ்

ஒன்பது அஞ்சுக்கு இறங்கி முடிஞ்சுச்சு. பாய் டைரியை விரிச்சு, தானே அடிச்சார். திறந்துச்சு. அச்சு வர்றதுக்குள்ள ஸ்க்ரீன்லயே படிச்சேன். கறுப்பு வேண்டாம், மொத்த ஆர்டரும் பிரவுன்.

கட்டிங் செக்‌ஷனுக்கு நான் ஓடின ஓட்டத்துல துப்பட்டா எங்க விழுந்துச்சுன்னே தெரியல. கறுப்புத் தோல் மேனேஜர் சொன்னபடி வெட்டப்பட்டிருந்தா அத்தனையும் துண்டு துண்டா குப்பைக்குத்தான் போகும். போய்ப் பாத்தா, நீளக் கட்டை மேல முழுசு முழுசா தொங்குது, மேல தேவகி போட்ட வெள்ளைக் கோடு. ஒரு தோல்லகூட கத்தி படல.

எங்க கட்டிங்ல ஒரு முறை உண்டு, எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மார்க் போட்ட தோலை அன்னைக்கே வெட்ட மாட்டாங்க. எல்லாரும் வந்து போற வாசப் பக்கமா ஒரு முழு நாள் தொங்க விடணும். டிசைன் ஆள், ஃபினிஷிங் ஆள், பெருக்குற அம்மா வரைக்கும் அந்தப் பக்கம் நடப்பாங்க. யாருக்காவது சந்தேகம் வந்தா அங்கேயே சொல்லலாம். மேனேஜர் சார் திங்கக்கிழமை சாயந்திரமே வெட்டச் சொல்லி ரெண்டு தடவை ஆள் அனுப்பியிருக்கார். கடைசியில அவரே வந்திருக்கார். தேவகி கட்டைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு நகரல. "பத்து மணிக்குத்தான் சார் மார்க் போட்டேன், நாளைக்குப் பத்து மணி ஆவட்டும்"னு சொல்லியிருக்கா. அவளுக்கு ஃபைலும் தெரியாது, பூட்டும் தெரியாது. ஈரத் துணியால ஒவ்வொரு கோடா துடைச்சுக்கிட்டே என்கிட்ட சொன்னா: "துடைச்சா போய்டும்டி, வெட்டிட்டா ஒட்ட வெப்பியா?"

சாவிக்காரர்

பாய்க்கு நாற்காலி நிலைச்சுது. மேனேஜர் சார் மன்னிப்பு எல்லாம் கேக்கல. அன்னைக்குப் பதினொரு மணி டீயை பாய் மேசைக்குத் தானே எடுத்துக்கிட்டுப் போய் வெச்சார், அவ்வளவுதான். எங்க கம்பெனியில அதுக்கு மேல ஒரு மன்னிப்பு கிடையாது.

என்கூடத்தான் பாய் பேசல. ரெண்டு நாள் சலாம்கூட இல்ல. மூணாம் நாள் நானே போய் நின்னேன். வேணும்னு பண்ணல பாய், மூணு வாரம் எல்லாரையும் கேட்டுட்டுத்தான் வெட்டினேன்னு ஒரு சப்பைக்கட்டு கட்டினேன். பாய் பேனாவை மூடினார். சத்தம் ஏறல. "யாரைம்மா கேட்ட? அங்க இருக்கிறவங்க எல்லாம் பூட்டு செய்றவங்க. சாவி வெச்சிருக்கிறவன் இங்க உக்காந்திருக்கேன்."

வாசல்ல தொங்கப் போட்டது

அந்த வார்த்தை தூங்க விடல. ஓலை வாசிச்சேன், சரி. கல்யாணப் பொண்ணு வேற சர்ச், நான் வாசிச்சது வேற சர்ச். மறுநாள் காலைல உக்காந்து பொது மெயில்ல எல்லாத்தையும் எழுதினேன். பாய், டைரி, கறுப்புத் தோல், தேவகியோட கோடு எல்லாம். எழுதி அனுப்பிட்டு, இனிமே இவங்க என்னைச் சேத்துக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். ஹென்ரிக் ஒரே வரியில பதில் போட்டார். உங்க சிநேகிதியோட சாக்பீஸை நம்ம லைப்ரரிக்கும் கொண்டு வாங்கன்னு.

நானூறு வரியும் திரும்ப உள்ள வந்துச்சு. கூடவே ஒரு புது வரி. அந்தப் பூட்டை யார் திறந்தாலும் அவங்க ஸ்க்ரீன்லயே வரும்: 'இது பழைய பூட்டு, சீக்கிரம் எடுத்துடுவோம். உங்களுக்கு இன்னும் தேவைன்னா எங்களுக்கு எழுதுங்க.' அப்புறம் எதை வெட்டுறதா இருந்தாலும் முதல்ல இந்த எச்சரிக்கை, ஒரு முழு பதிப்பு அதோட வெளிய போய் அடுத்த பதிப்பு வர்ற வரைக்கும் கத்தி கிடையாதுன்னு விதி வெச்சோம். வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் அந்த வரிக்கு 'சாக்பீஸ்'னே பேரு வெச்சுட்டாங்க. தேவகிகிட்ட சொன்னேன். ராயல்டி உண்டான்னு கேட்டா.

அந்த எச்சரிக்கையையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கன்னு எங்க கூட்டத்துல ஒருத்தர் அடிச்சுப் பேசினார். ஆனா கடிதம் வந்துச்சு! பொது மெயில் பக்கமே தலைவெச்சுப் படுக்காத ஜனங்க. ஏதோ ஒரு தீவுல மழை அளக்கிற ஆபீஸ். ஒரு சின்ன ஊர் நூலகம். எல்லாருக்கும் புதுப் பூட்டுக்கு மாத்திக்க நாங்களே உதவி பண்ணினோம். ஒரு அம்மா எழுதினதை மட்டும் நான் அச்செடுத்து வெச்சிருக்கேன். செத்துப்போன அவங்க அப்பாவோட நாட்குறிப்பு பூரா அந்தப் பழைய பூட்டுல இருந்துச்சாம், எச்சரிக்கையைப் பாத்து பயந்துபோய், மொத்தத்தையும் திறந்து மாத்திட்டாங்களாம். என்ன பெரிய ரகசியம்னு பூட்டி வெச்சார்னு பாத்தா எல்லாப் பக்கத்துலயும் தோட்டத்து அவரைக்காய் கணக்குதானாம். கடைசியில எழுதியிருந்தாங்க: "ஒரு பக்கம் விடாம படிச்சேன், இன்னும் கொஞ்சம் அவரைக்காய் இருந்திருக்கலாம்."

வெள்ளிக்கிழமை, இந்தத் தடவை

மாத்திக்கிட்டவங்க பேரை ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தோம். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசியில மிச்சம் ஒரே ஒருத்தர்தான், யாரு? எங்க கம்பெனி பையரேதான். ஹென்ரிக் எழுதினா அவங்க மதிக்கல, நான் எழுதினாலும் மதிக்கல. சலீம் பாய் எழுதினார். 'மரியாதைக்குரிய ஐயா, உங்கள் பூட்டு வயசானது, உடைக்க லேசானது, உங்கள் நன்மைக்குச் சொல்கிறேன்'னு ஆரம்பிச்சு மாசம் ஒரு லெட்டர், ஷிப்பிங் பேப்பரோடவே வெச்சு அனுப்புவார். பத்தாவதோ பதினொண்ணாவதோ லெட்டருக்கு, மாத்திட்டோம்னு பதில் வந்துச்சு. புது ஃபைலை பாய் புது சாவி வார்த்தையால திறந்தார். டைரியில பழைய வார்த்தையை ஒரு கோடு போட்டு அடிச்சார், ஊக்கை மறுபடி குத்திக்கிட்டார்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா முடிச்சு வந்து தன் சீட்ல உக்கார்ற வரைக்கும் நான் எதையும் தொடல. தேவகி வேடிக்கை பாக்க ஈரத் துணியோடவே வந்து நின்னா. ஸ்க்ரீன்ல நானூறு வரியும் சிவப்பா இருக்கு, ஒரு பட்டனைத் தட்டினா போய்டும். ஹென்ரிக் சரின்னு சொல்லியாச்சு, எழுதினவங்க எல்லாரும் மாத்தியாச்சு. "அழிக்கட்டுமா பாய்?"னு கேட்டேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், புரிஞ்ச மாதிரியே, பொறுமையா பாத்தார். தேவகி பக்கம் ஒரு தடவை திரும்பினார். அப்புறம் சொன்னார்: "இன்னைக்குத்தானேம்மா மார்க் போட்ட, ஒரு நாள் தொங்கட்டும், நாளைக்கு வெட்டு."

சனிக்கிழமை பத்து மணிக்கு பாயே பட்டனைத் தட்டினார், உலகத்துல ஒருத்தரும் கத்தல. இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோட மாரடிச்சு நான் கத்துக்கிட்ட ஒரே டெக்னாலஜி, குடியாத்தத்துல ஏறுற ஒருத்தி கையில இருக்கிற வெள்ளை சாக்பீஸ்தான்.